விசிட் விசாவில் துபாய் வேலை: நகையை அடகு வைக்கும் முன்

கேள்வி: என் கணவர் கட்டட வேலைக்குப் போகிறார். நாள் கூலி 800 ரூபாய்; மாதத்தில் 15 நாள் வேலை கிடைத்தாலே அதிகம். துபாயில் துப்புரவு வேலை, மாதம் 900 திர்ஹம் சம்பளம், விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். மொத்தம் 1,30,000 ரூபாய் கேட்கிறார். முன்பணம் 10,000 ரூபாயும் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டோம். மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: வேண்டாம், சகோதரி. இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டை முதலில் திரும்ப வாங்குங்கள்.

விசிட் விசா வேலை பார்ப்பதற்கான விசா அல்ல. அங்கே சென்ற பிறகு அதை மாற்றுவதற்கு வழி உண்டு என்பது உண்மைதான்; ஆனால் அதற்கு அங்குள்ள ஒரு நிறுவனம் உங்கள் கணவரின் பெயரில் வேலை அனுமதி எடுக்க முன்வர வேண்டும், அதை உங்கள் ஊர் ஏஜென்ட் முடிவு செய்ய முடியாது. அனுமதி கிடைப்பதற்கு முன் வேலை செய்தால் அது சட்டவிரோதம்; சம்பளம் தராவிட்டாலும் துணிந்து புகார் கொடுக்க முடியாத நிலையில் அவர் நிற்பார். உண்மையான வேலையாக இருந்தால், இங்கிருந்து புறப்படும் முன்பே நிறுவனத்தின் பெயர், சம்பளம், வேலை நேரம் ஆகியவை எழுதப்பட்ட வேலை ஒப்புதல் கடிதமும் வேலைக்கான நுழைவு அனுமதியும் கையில் இருக்கும். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்க அந்த நிறுவனத்துக்கு உரிமையும் இல்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு பெற்றவர் மட்டுமே முகவராக இருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பலாம். அவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி.; அதற்கு ரசீதும் தர வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உள்ளது. ஆனால் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், ஏனெனில் நான் அதிகம் பார்த்த ஏமாற்று இந்த இடத்தில்தான் நடக்கிறது: சென்னையிலோ மும்பையிலோ உள்ள பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத சப்-ஏஜென்ட் ஊர் ஊராகப் பணம் வசூலிப்பார். சப்-ஏஜென்ட் என்ற ஒருவரைச் சட்டம் ஏற்கவே இல்லை. ஆகவே பட்டியலில் உள்ள அலுவலக எண்ணுக்கு நீங்களே தொலைபேசியில் பேசி, இந்த வேலையும் இந்த ஆளும் அவர்களுடையதா என்று கேளுங்கள்.

உங்கள் கணவர் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவரா என்பதை நீங்கள் எழுதவில்லை, அது முக்கியம். தேர்ச்சி பெறாதவரின் பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்.’ (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று அச்சிட்டிருக்கும். அவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல மத்திய அரசிடம் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். தேர்ச்சி பெற்றவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. இதை வைத்துக்கொண்டு, ‘உங்களுக்கு ஈ.சி.ஆர். இல்லை, எந்த விதியும் பொருந்தாது’ என்பார்கள். அது தவறு. அனுமதிதான் தேவையில்லையே தவிர, ஆள் அனுப்புபவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. இதைவிட ஆபத்தானது, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ‘ஏற்பாடு’ செய்து பாஸ்போர்ட்டை மாற்றித் தருகிறேன் என்பது. போலிச் சான்றிதழ் கொடுத்த வழக்கு உங்கள் கணவர் மீதுதான் வரும். ஏற்பாடு செய்தவர் அப்போது தொலைபேசியைக்கூட எடுக்கமாட்டார்.

குடிபெயர்வு அனுமதியோடு செல்பவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியத்தில், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். விசிட் விசாவில் சென்றவருக்கு இது கிடைக்காது.

கணக்கையும் பாருங்கள். ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் 900 திர்ஹம் 20,700 ரூபாய். சாப்பாட்டுக்கும் செலவுக்கும் 350 திர்ஹம் போனால் மிச்சம் 12,650 ரூபாய். இங்கே 15 நாள் கூலி 12,000 ரூபாய். முழுத் தொகையும் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி மட்டும் 3,900 ரூபாய். மிச்சம் முழுவதையும் கடனுக்கே கட்டினாலும் அது அடைய ஓராண்டுக்கு மேல் ஆகும், அதுவரை உங்கள் வீட்டுக்குப் பணம் வராது. சொன்ன சம்பளம் சொன்னபடி வந்தால்தான் இந்தக் கணக்கே.

பதிவின்றி ஆள் அனுப்புவோருக்குச் சட்டம் விதிக்கும் தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். லட்சக்கணக்கில் வசூலிப்பவருக்கு 1983ஆம் ஆண்டு எழுதிய இந்த அபராதம் ஒரு பொருட்டே அல்ல. காவல் நிலையத்திலும் பெரும்பாலும் ‘கொடுக்கல் வாங்கல் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒரு நாள் கூலியை இழந்து மனுவோடு வந்தவர் அதோடு சோர்ந்துவிடுகிறார். நீங்கள் சோர்ந்துவிடாதீர்கள்.

பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அதைப் பிடித்துவைக்க ஏஜென்டுக்கு உரிமை இல்லை. அதையும் முன்பணத்தையும் திருப்பித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். பணம் கொடுத்ததற்கான ஜி-பே பதிவு, அவர் அனுப்பிய குரல் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். ஒரு வாரத்தில் தராவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் மனு கொடுங்கள்; மனுவில், பதிவின்றி ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் குடிபெயர்வுச் சட்டத்தின் 10ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். வெளிநாடு போயே ஆக வேண்டும் என்றால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். காத்திருக்க நேரிடலாம், ஆனால் அந்தக் காத்திருப்புக்கு நீங்கள் வட்டி கட்ட வேண்டியதில்லை.