நைதரசனை இரும்பில் பிடித்துவைக்கும் பொற்றாசியம்

அன்புள்ள ஐயா,

சுன்னாகத்திலிருந்து எழுதுகிறேன். உயர்தரம் படிக்கிறேன். நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து அமோனியா ஆக்கும் ஏபர் முறையில் இரும்பு ஊக்கியோடு கொஞ்சம் பொற்றாசியம் ஒட்சைட்டும் சேர்ப்பார்கள் என்று ரியூசனில் எழுதித் தந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "அது சோதனைக்கு வராது" என்று சேர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பொற்றாசியம் நைதரசனோடு இலேசில் சேராது. இரும்பிலோ இலத்திரனுக்குப் பஞ்சமில்லை. பிறகு பொற்றாசியத்துக்கு அங்கே என்ன வேலை?

ஒரு மாணவி

அன்புள்ள பிள்ளைக்கு,

நல்ல கேள்வி. எங்கள் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கு எறிகிற யூரியாவும் அந்த அமோனியாவிலிருந்துதான் வருகிறது. 2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது அதன் அருமை எல்லாருக்கும் விளங்கியது.

இலத்திரனுக்குப் பஞ்சமில்லைத்தான். ஆனால் இரும்பு அதை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒளிமின் விளைவில் படித்த வேலைச் சார்பு, அதாவது உலோகத்திலிருந்து ஓர் இலத்திரனை வெளியே எடுக்கத் தேவையான சக்தி, நினைவிருக்கும். பொற்றாசிய அணு ஒன்று இரும்பின் மேல் குந்தியதும், தன் வெளியோட்டு இலத்திரனில் பெரும்பங்கை உலோகத்துக்குள் தள்ளிவிட்டு, நேரேற்றத்தோடு மேலே நிற்கும். மேலே நேர், கீழே மறை என்று அமைகிற இந்தச் சின்ன இருமுனைவுகள் சேர்ந்து வேலைச் சார்பை இறக்கிவிடும். தங்குதன் மேல் சீசியம் இட்டால் 4.5 இலத்திரன்வோல்ற்றிலிருந்து 1.7 அளவுக்கு விழும். தனிச் சீசியத்துக்கே அது ஏறத்தாழ 2! அணுக்கள் ஐதாக இருக்கும்வரைதான் இந்த வேடிக்கை. நெருங்கி நின்றால் ஒன்றின் புலம் மற்றதைக் குலைக்க, பெறுமானம் மறுபடி ஏறும்.

சரி, நைதரசனுக்கு வருவோம். அந்த மும்மைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோயூல் வேண்டும். உலோகத்தின் இலத்திரன், மூலக்கூறில் வெறுமையாகக் கிடக்கும் பிணைப்பெதிர் ஒபிற்றலுக்குள் புகுந்தால் பிணைப்புத் தளரும். பொற்றாசியத்துக்குப் பக்கத்தில் இது சுலபம். அங்குள்ள நேரேற்றம் அந்த ஒபிற்றலின் சக்தியையும் கீழே இழுத்துவிடுகிறது. மூலக்கூறு இரும்போடு இறுக இறுக, உள்ளே பிணைப்புத் தளர்ந்து இரண்டாகும். ஜேர்மனியில் கெராட் ஏர்ட்ல் குழுவினர் 1970களின் கடைசியில் இரும்பின் ஒற்றைப் பளிங்கு முகமொன்றில் அளந்தார்கள். பொற்றாசியம் இட்டதும் நைதரசன் உடைந்து ஒட்டும் வாய்ப்பு 300 மடங்கு அளவுக்கு ஏறியது. ஏர்ட்லுக்கு 2007இல் இரசாயன நோபல் கிடைத்தது. காபனோரொட்சைட்டும் இதே சாதிதான். பொற்றாசியம் பூசிய பிளாற்றினத்தில் அது இன்னும் இறுக ஒட்டும், உள்ளே பிணைப்புத் தளர்வதால் அது அதிரும் அதிர்வெண்ணோ இறங்கிவிடும்.

ரியூசன் நோட்ஸ் எதிலும் வராத பாதி ஒன்று இருக்கிறது. அமோனியா இலத்திரன் வாங்குகிற வாயு அல்ல, பிணைப்பில் சேராத தன் தனிச்சோடி இலத்திரன்களைத் தருகிற வாயு. பொற்றாசியம் உலோகத்துக்கு ஏற்கெனவே இலத்திரன் கொடுத்திருப்பதால் அமோனியாவின் பிடி அங்கே தளர்ந்துவிடுகிறது. உண்டான அமோனியா இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்காமல் கிளம்ப, அடுத்த நைதரசன் வந்து ஒட்டும். உயர் அமுக்கத்தில் இந்த இரண்டாவது வேலையின் பங்கு பெரிது என்று அமெரிக்காவில் சொமோர்ஜாய் குழுவினர் காட்டினார்கள். எனக்கென்னவோ இதுதான் அழகான பகுதி. ஒரே அணு, வருகிறவரை இழுக்கிறது, முடித்தவரை அனுப்புகிறது.

பொற்றாசியம் ஒட்சைட்டு என்று எழுதுவது கலவைக் கணக்குக்காக. மேற்பரப்பில் அப்படியொரு சேர்வை தனியாக இருப்பதில்லை. வெறும் பொற்றாசியம் என்றால் 400 பாகைக்கு மேல் ஆவியாகிப் பறந்துவிடும். ஒட்சிசனோடு சேர்ந்து இரும்பில் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அது தங்குகிறது.

அப்புறம், கூடப் போட்டால் கூட வேலை செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம். பொற்றாசிய அணு பெரியது. அது இருக்கிற இடத்தில் நைதரசனுக்கும் இடமில்லை, ஐதரசனுக்கும் இடமில்லை. அதனால் தொழிற்சாலை ஊக்கியில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.