வாசகர் கேள்வி, வக்கீல் பதில்: தடைக்காலத்தில் ஏறிய ‘லேட்’ காசு

கேள்வி: என் கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். வாடகை மாதம் 4,500, ஐந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் மே, ஜூன் வாடகை கொடுக்க முடியவில்லை. படகு திரும்பவும் கடலுக்குப் போன பிறகு ஜூன் 28-ஆம் தேதி 5,000 கொடுத்தேன். வீட்டுக்காரம்மா அதை ‘லேட்’ கணக்கில் கழித்துக்கொண்டு, இன்னும் 11,700 பாக்கி என்கிறார். நாளுக்கு 100 ரூபாயாம். தராவிட்டால் மோட்டார் போட மாட்டேன், வீட்டைக் காலி பண்ணு என்கிறார். அவர் நோட்டுப் பக்கத்தையும் எங்கள் ஒப்பந்தத்தையும் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, ராமேஸ்வரம்

பதில்: நகலைப் பார்த்தேன். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மே வாடகைக்கு 54 நாள் தாமதம், 5,400. ஜூன் வாடகைக்கு 23 நாள், 2,300. ஆக ‘லேட்’ மட்டும் 7,700. நீங்கள் கொடுத்த 5,000 முழுக்க அதில் போய்விட்டது. இரண்டு மாத வாடகை 9,000 அப்படியே நிற்கிறது, அதோடு மிச்ச ‘லேட்’ 2,700. பச்சை மையில் அடிக்கோடு வேறு. கணக்கு சரி, கணக்கின் ஆதாரம்தான் இல்லை.

முத்திரைத்தாள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? வாடகை, அட்வான்ஸ், ஐந்தாம் தேதி. தாமதமானால் நாளுக்கு 100 என்ற வரியே கிடையாது. வாயால் பின்னால் சொன்ன அபராதத்தை வசூலிக்க அவருக்கு உரிமையில்லை. எழுதியிருந்தாலும் முழுசாகக் கிடைத்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் அபராதம் குறித்திருந்தாலும் அதற்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே தரச் சொல்கிறது. 4,500 வாடகைக்கு நாளொன்றுக்கு நூறு என்பது தினமும் இரண்டு சதவீதத்துக்கும் மேல். இதை நியாயம் என்று வாதாட என்னிடம் வந்தால் நானே வேறு வக்கீலைப் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

ஆனால் உங்கள் விஷயத்தில் முக்கியமானது நூறு ரூபாய் அல்ல, அந்த 5,000 எந்தக் கணக்கில் போனது என்பதுதான். தமிழ்நாட்டில் வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புறங்களுக்கான சட்டம், ராமேஸ்வரம் நகராட்சிக்கும் பொருந்தும். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள்ளும் தீர்க்காவிட்டால் வெளியேற்றக் கேட்கலாம் என்று அதில் இருக்கிறது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. சட்டம் பார்க்கும் பாக்கியும் இரண்டு மாதம், படகு கட்டிக்கிடப்பதும் இரண்டு மாதம். இந்தப் பொருத்தத்தை யாரும் யோசித்து எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் அடி விழுவது உங்கள் வீடுகளில்தான்.

இப்போது நோட்டைத் திரும்பப் பாருங்கள். அவர் கணக்குப்படி முழுசாக இரண்டு மாத வாடகை பாக்கி. சரியான கணக்கில், அந்த 5,000-இல் மே வாடகை தீர்ந்து, ஜூனுக்கும் 500 சேர்ந்துவிட்டது. பாக்கி 4,000 மட்டும், அதாவது ஒரு மாதம்கூட முழுசாக இல்லை. கொடுத்த பணத்தைத் தன் விருப்பப்படி ஒரு கடனில் வரவு வைக்கலாம் என்றாலும், அது சட்டப்படி உண்மையிலேயே வர வேண்டிய கடனாக இருக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு. எழுதாத அபராதம் அப்படிப்பட்ட கடன் அல்ல. இனிமேல் இந்தப் பேச்சே வராமலிருக்க 59-ஆவது பிரிவைப் பயன்படுத்துங்கள்: எந்தக் கடனுக்கு என்று நீங்கள் சொல்லிக் கொடுத்து, அவர் வாங்கிக்கொண்டால், அந்தக் கடனில்தான் கழிக்க வேண்டும். கூகுள் பேயில் அனுப்பும்போது குறிப்பில் ‘ஜூன் வாடகை பாக்கி’ என்று தட்டுங்கள். கையில் கொடுத்தால் ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை. “நமக்குள்ள எதுக்கு ரசீது?” என்று கேட்பவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஜூலை வாடகை தேதி தாண்டுவதற்குள் இந்த 4,000-ஐத் தீர்த்துவிடுங்கள், இல்லையென்றால் நான் சொன்ன கணக்கு மாறிவிடும். முழுத்தொகை தந்தால்தான் வாங்குவேன் என்று மறுத்தால், மணியார்டரில் அனுப்பி, திரும்பி வந்த தாளைப் பத்திரமாக வையுங்கள். பிறகு, இந்த 2017 சட்டப்படி வாடகை விவகாரங்களைப் பார்க்கும் வாடகை அதிகாரியிடம் கட்ட வழியிருக்கிறது. மோட்டாரைப் பொறுத்தவரை சட்டம் தெளிவு. பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அதே அதிகாரியிடம் மனு கொடுங்கள், உடனே திரும்ப விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: பாரதி நகரில் என் மாடி வீட்டை மீன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு விட்டிருக்கிறேன். தடைக்காலத்தில் சம்பளம் இழுபடுகிறது என்று வாடகையை இழுக்கிறார். என் பென்ஷனோடு இந்த வாடகையும் சேர்ந்தால்தான் மருந்துச் செலவு நடக்கும். நான் தாமதக் கட்டணம் போடக் கூடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ராமநாதபுரம்

பதில்: போடலாம் சார். முன்கூட்டியே எழுதிப் போடுங்கள், தண்டனை மாதிரி இல்லாமல் வட்டியாகப் போடுங்கள். பத்தாம் தேதி வரை சலுகை, அதற்கு மேல் பாக்கித் தொகைக்கு ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று ஒரு வரி போதும். மேலே உள்ள கேள்வியில் வந்த வீட்டுக்காரம்மாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அவருக்கும் வாடகைதான் வருமானமாக இருக்கலாம்.

கடலை நம்பிய குடித்தனக்காரர்களுக்கு நான் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தங்களில் வேறொரு ஏற்பாடு செய்கிறேன். 4,500 வாடகை என்றால் வருடத்துக்கு 54,000. அதைப் பத்து மாதத்தில் 5,400 வீதம் வாங்கிக்கொண்டு, மே, ஜூனில் வாடகை கேட்காமல் விடுவது. உங்களுக்கு ஒரு ரூபாய் குறையவில்லை, மீனவக் குடித்தனக்காரருக்கும் அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மிஞ்சும். உங்கள் ஆள் மாதச் சம்பளக்காரர், நிவாரணம் அவருக்குக் கிடைக்காமல் போகலாம், ஆனாலும் இந்த ஏற்பாடு பொருந்தும். ஒன்று, பாதி வருடத்தில் அவர் காலி செய்தால் கணக்கை எப்படிச் சரிக்கட்டுவது என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் குடியிருக்கிறேன். வாடகை தாமதத்துக்கு வட்டிக்கு வட்டி கேட்கிறார்கள். கந்துவட்டி என்று போலீசில் புகார் கொடுக்கலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் கடன் கொடுத்து வாங்குவதற்கானது. வாடகை பாக்கி கடன் கொடுத்த பணமல்ல, அதனால் அந்தப் புகார் நிற்பது கஷ்டம். தங்கச்சிமடம் ஊராட்சி என்பதால் நகர்ப்புறத்துக்கான 2017 சட்டமும் உங்களுக்கு வராது. சொத்து மாற்றுச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும்தான். நான் மேலே சொன்ன 74-ஆவது பிரிவு உங்களுக்கும் உண்டு. மிரட்டினாலோ சாமானை வெளியே எடுத்துப் போட்டாலோ போலீசுக்குப் போங்கள், அது வேறு புகார்.