கைக்காசு கொஞ்சம், கனவு பழைய கேம்பர் வேன்: கேள்வி பதில்

படுக்க, சமைக்க வசதி வைத்த பழைய கேம்பர் வேன்களோடு இருபது வருடமாக மல்லுக்கட்டுகிறேன். நான்கு வாங்கினேன். இரண்டை விற்றேன், ஒன்றைப் பழைய இரும்புக்குப் போட்டேன், ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அரைக்காசு: சார், சேர்த்து வைத்த பணம் முழுவதையும் வண்டிக்கே போட்டுவிடலாமா? நல்லதாக வாங்கிவிட்டால் அப்புறம் செலவு வராதல்லவா?

வரும். எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் வரும். கையில் 100 பங்கு பணம் இருந்தால் வண்டிக்கு 65 பங்குக்கு மேல் போகாதீர்கள். மீதி 35 முதல் வருடத்திலேயே கரையும்: டயர், பேட்டரி, பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், தூக்கித் திறக்கும் கூரையின் துணி. டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்று விற்பவர் காட்டுவார். நீங்கள் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. வருடத்தில் பத்து மாதம் நின்றே கிடக்கும் வண்டியில் டயர் தேய்வதில்லை, நின்ற இடத்திலேயே கிழடாகி வெடிப்பு விடுகிறது. கேம்பர் வேனுக்குச் சாதாரண கார் டயரும் ஆகாது, பாரம் தாங்கும் வகைதான் போட வேண்டும்.

வழிப்போக்கன்: அண்ணே, ஃபோக்ஸ்வாகன்தான் சின்ன வயதுக் கனவு. எந்த மாடல் கட்டுப்படியாகும்?

1950இல் தொடங்கி 1967 வரை ஜெர்மனியில் வந்தது முதல் தலைமுறை. முன்கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும். அது இப்போது பணக்காரர்களின் பொம்மை, மறந்துவிடுங்கள். 1967 முதல் 1979 வரை வந்த இரண்டாம் தலைமுறையான டி2வுக்கு ஒரே வளைந்த கண்ணாடி. எல்லோரும் படத்தில் பார்த்து மயங்குவது இதைத்தான், விலையும் அதற்கேற்றபடி. இதில் எடுப்பதானால் 1970 ஆகஸ்டுக்குப் பிறகு செய்ததைத் தேடுங்கள், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் அப்போதுதான் வந்தது. 1979இல் வந்த டி3 பெட்டி மாதிரி இருக்கும். அழகி இல்லைதான், ஆனால் உள்ளே இடம் அதிகம், ஓட்டுவதும் சுகம். கை கடிக்கிறது என்றால் டி3.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த வட்டச் சின்னத்துக்காகவே விலையில் ஒரு பங்கு போகிறது. ஃபோர்டு டிரான்ஸிட், பெட்ஃபோர்டு சி.எஃப்., 1981 முதல் வந்த ஃபியட் டுகாட்டோவும் அதன் உடன்பிறப்புகளான டால்பட் எக்ஸ்பிரஸ், பெஜோ ஜே5, சிட்ரோயன் சி25 ஆகியவையும், டொயோட்டா ஹையேஸ், இவற்றின் மேலெல்லாம் கேம்பர் கட்டியிருக்கிறார்கள். சாலையில் யாரும் திரும்பிப் பார்த்துக் கையசைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். படுத்தால் அதே தூக்கம்தான்.

திருகுச்சாவி: துரு பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே, எப்படிப் பார்ப்பது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். எஞ்சின் போனால் மாற்றிவிடலாம், ஒரு நாள் வேலை. தகரம் போனால் மாதக்கணக்கில் வெல்டிங். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, மலிவாகக் கிடைத்த துருப்பிடித்த வேனின் கதை அதுதான்.

என் முதல் வேன் டி2. ஆரஞ்சும் வெள்ளையும், பெயின்ட் கண்ணாடி மாதிரி. விற்றவர் தங்கமான மனிதராகப் பேசினார். டிரைவர் சீட்டுக்குக் கீழே புது ரப்பர் மேட். நான் அதைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. நான்கு மாதம் கழித்து பிரேக் மிதிக்கும்போது குதிகால் லேசாக அமுங்கியது. மேட்டை விலக்கினால் தார் பூசிய செய்தித்தாள். அதற்குக் கீழே சாலை. பழைய இரும்புக்குப் போனது அந்த வண்டிதான்.

ஆகவே முதலில் மேட்டைத் தூக்குங்கள். அடுத்து கீழே படுங்கள், சட்டை அழுக்காகட்டும். பக்கவாட்டில் கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகரம் ஒன்றல்ல, அடுக்கடுக்காக இருக்கும். உள்ளடுக்கு மக்கிப் போயிருக்க, வெளியே மட்டும் புதுத் தகரம் ஒட்டி விற்பது வழக்கமான வித்தை. ஜாக்கி வைக்கும் இடங்களையும், சேஸிஸிலிருந்து குறுக்கே பக்கவாட்டுக்கு வரும் தாங்கிகளையும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் ‘டங்’ என்று பேசும், மக்கியது ‘பொத்’ என்னும். எஞ்சின் அறையில் பேட்டரி உட்காரும் தட்டைப் பாருங்கள், ஆசிட் தின்றிருக்கும். முன்கண்ணாடியின் கீழ்ச்சட்டத்தில் ரப்பருக்கு அடியில் பெயின்ட் கொப்புளித்திருந்தால், பார்ப்பதைப் போல நான்கு மடங்கு உள்ளே இருக்கிறது என்று கணக்கு வையுங்கள். கூரையைச் சுற்றி ஓடும் மழைநீர்க் கால்வாயும் சக்கர வளைவும் பாக்கி.

சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். தகரத்தில் ஒட்டும், பட்டி பூசிய இடத்தில் நழுவும். சக்கர வளைவில் விரல் அளவு பட்டி இருந்தால் மன்னிக்கலாம். கை அளவு இருந்தால் நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

டி3இல் துரு வேறு மாதிரி. இரண்டு தகரம் சேரும் தையல் கோட்டில் பூசிய சீலன்ட் வெடித்து, தண்ணீர் புகுந்து, கோடு நெடுக வீங்கும். தூரத்திலிருந்தே தெரியும் என்பது ஒரு சௌகரியம்.

கரிப்புகை: எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. காற்றால் குளிரும் எஞ்சின் என்றால் பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம், பழைய ஃபோக்ஸ்வாகன்களின் அந்த எஞ்சினைவிட எளியது கிடையாது. எஞ்சினை அணைத்து, சாவியையும் எடுத்துவிட்டு, பின்னால் உள்ள பெரிய கீழ்ப் புல்லியை இரண்டு கையால் பிடித்து உங்கள் பக்கமும் எதிர்ப்பக்கமுமாக இழுத்துத் தள்ளுங்கள். சுற்றக் கூடாது, முன்னும் பின்னும்தான். புது எஞ்சினில் அந்த ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ. வரைதான் இருக்கும், கைக்கே தெரியாது. ‘டக் டக்’ என்று ஆடினால் உள்ளே பெரிய வேலை காத்திருக்கிறது. ஓரிரண்டு சொட்டு ஆயில் கீழே விழுந்தால் கண்டுகொள்ளாதீர்கள், இந்த இனத்தின் குணம் அது.

எஞ்சினைச் சுற்றி இருக்கும் தகர மூடிகளும் ஓரத்து ரப்பரும் முழுதாக இருக்கின்றனவா பாருங்கள். அவை அழகுக்கு இல்லை. கீழே வெளியேறும் சூடான காற்று மறுபடி மேலே ஏறி ஃபேனுக்குள் போகாமல் தடுப்பவை அவைதான். அதைக் கழற்றி எறிந்தவன் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக வேக வைத்திருக்கிறான். கடைசியாக எப்போது டேப்பட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) பார்த்தீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். “அப்படியென்றால்?” என்றால் விலையைக் குறையுங்கள்.

வாங்கிய அன்றைக்கே செய்ய வேண்டியது பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுவது. துணி சுற்றிய பழைய ஹோஸ் வெடித்துச் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டித்தான் இந்த வேன்கள் எரிகின்றன. எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க்கேஸில் மக்னீசியம் கலந்திருப்பதால் பற்றிக்கொண்டால் அணைப்பது பெரும்பாடு. ஹோஸுக்கு ஆகும் செலவு ஒரு டேங்க் பெட்ரோல் அளவுகூட வராது.

பெட்டிக்கடை: டி3 ஒன்று பார்த்தேன். தண்ணீரால் குளிரும் பெட்ரோல் எஞ்சின். பரவாயில்லையா?

1982 கடைசியில் வந்த எஞ்சின் அது. நல்ல எஞ்சின்தான், ஒரே நோய் உண்டு. சிலிண்டர் ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் ரப்பர் காஸ்கெட். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டைச் சரியாக மாற்றாமல் விட்டால், அல்லது வெறும் தண்ணீரை ஊற்றியே ஓட்டினால், ஹெட் அரித்து அங்கே கசியும். டார்ச் அடித்து அந்த விளிம்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு இருக்கிறதா பாருங்கள். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவில் வண்டியின் நீளத்துக்குக் குழாய். அது இரும்பா, துருப்பிடிக்காத ஸ்டீல் போட்டு மாற்றியதா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால் முந்தைய உரிமையாளர் வண்டியை நேசித்தவர்.

குழப்பவாதி: டி2 மாதிரியே ஒரு வண்டி, ஆனால் 2008 மாடல் என்கிறார்கள். ஏமாற்றா?

இல்லை. பிரேசிலில் 2013 கடைசி வரை அந்த உருவத்தைச் செய்தார்கள். 2005 கடைசியிலிருந்து வந்தவற்றில் தண்ணீரால் குளிரும் 1.4 லிட்டர் எஞ்சின், மூக்கில் கருப்பு கிரில் இருக்கும். ஓட்ட நல்ல வண்டி. கேம்பராக மாற்றியது யார், எப்படி என்பதைத்தான் தோண்ட வேண்டும்.

ரெட்டைப்பிள்ளை அம்மா: அண்ணா, ஆறு வயதில் இரட்டையர். பின்னால் சோபா மாதிரி சீட் இருக்கிறது, போதுமா?

போதாதும்மா. பக்கவாட்டில் பார்த்து உட்காரும் சீட்டில் ஓடும் வண்டியில் பிள்ளைகளை வைக்கவே கூடாது. முன்னோக்கிய சீட், அதுவும் பெல்ட் சேஸிஸோடு முறையாகப் பிணைத்தது வேண்டும். மரப்பலகையில் ஸ்க்ரூ போட்டு மாட்டிய பெல்ட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு இழுவைக்குத் தாங்காது. இதைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால் பெரிய செலவு. பெல்ட் இல்லாத வண்டியைப் பார்க்கவே போகாதீர்கள்.

அடுப்பு இருந்தால் கேஸ் ஹோஸில் அச்சடித்த தேதியைப் பாருங்கள். சிலிண்டர் பெட்டியின் அடியில் திறந்த ஓட்டை இருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே இறங்கும், இறங்க வழி வேண்டும். சிலர் குளிர் வருகிறது என்று அந்த ஓட்டையில் துணி அடைத்து வைப்பார்கள்! குளிருக்கு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு தூங்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டிவிடுங்கள்.

மச்சுவீடு: டால்பட் எக்ஸ்பிரஸ் மேல் வீடு மாதிரி கட்டியது, விலை ரொம்பக் குறைவு. எடுக்கலாமா?

இதில் துரு இரண்டாம் பட்சம், எதிரி ஈரம். வெளியே அலுமினியம், உள்ளே பிளைவுட், நடுவில் மரச்சட்டம். கூரை மூலையில் ஒரு சொட்டு புகுந்தால் மரம் ஊறிக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கதவைத் திறந்ததும் மூக்கை நம்புங்கள். ஏர் ஃப்ரெஷ்னர் வாசனை தூக்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜன்னலுக்குக் கீழேயும் மேல் அலமாரிகளின் மூலையிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள், பிஸ்கட் மாதிரி அமுங்கக் கூடாது. ஈரமானி இரவல் வாங்கிப் போனால் இன்னும் நல்லது. 15 சதவீதத்துக்குள் காட்டினால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் காரணம் கேளுங்கள். 30 என்றால் வண்டியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

கைவேலை: பிரித்துப் போட்ட வண்டி, பாகமெல்லாம் அட்டைப்பெட்டியில். பாதி விலை.

வேண்டாம். பிரித்தவருக்கே பூட்டத் தெரியாமல்தான் விற்கிறார். பெட்டியில் இல்லாத பாகம் எது என்பது கடைசி நாளில்தான் தெரியும்.

ஊர்சுற்றி: நாளைக் காலை ஒரு டி3 பார்க்கப் போகிறேன். கடைசி நேர யோசனை ஏதாவது?

“எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் காலையில் கிளப்பச் சிரமப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். பதிவுப் பத்திரத்தில் உள்ள சேஸிஸ் எண்ணையும் வண்டியில் அடித்த எண்ணையும் நீங்களே படித்து ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பேச்சை நிறுத்துங்கள். ஓட்டும்போது மூன்றாவது கியரில் வேகம் எடுத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுங்கள், கியர் தானாகக் கழன்று விழக் கூடாது. டார்ச், காந்தம், படுக்க ஒரு பழைய போர்வை, கூடவே இந்த வேன்மேல் ஆசையே இல்லாத ஒரு நண்பர். மனைவி என்றாலும் சரி.

மழை பெய்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். உள்ளே போய்க் கூரையைத் தூக்கி வைத்து, கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று வண்டியே காட்டிவிடும்.