பூனைக்கு மரபணுப் பரிசோதனை தேவையா?

பாரசீகப் பூனை வாங்கப்போகும் இடத்தில் மரபணுப் பரிசோதனை பற்றிச் சொல்கிறார்கள், இது வியாபாரத் தந்திரமா, மனிதர்களுக்கே இது அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவு கைக்கு வந்தபின் எதையாவது மாற்றிச் செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் காசு வீண் இல்லை.

பாரசீகப் பூனைக்கு முடியும். அந்த இனத்தில் பிகேடி1 என்ற மரபணுவில் ஒரு பிழை உண்டு. 2004இல் கண்டுபிடித்தார்கள். பிழை இருந்தால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வருடக்கணக்கில் மெல்ல வளரும். குட்டியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாய், தந்தையில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் பணம் கட்டுவதற்கு முன் பெற்றோரின் பரிசோதனை முடிவைக் கேளுங்கள். மனிதர்களிலும் இதே மரபணு பழுதானால் இதே மாதிரி நோய்தான். 'சுத்த இனம்' வேண்டும் என்று உறவுக்குள்ளேயே இணை சேர்த்துச் சேர்த்து இப்படிப்பட்ட பிழைகளைப் பெருக்கியதும் நாம்தான். தெருப்பூனையைத் தத்தெடுப்பவர்கள் இதற்கு அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கோலி நாய்களின் கதை இன்னும் சுவாரசியம். பூச்சி மருந்தான ஐவர்மெக்டின், அளவு கூடினால் சில கோலிகளை மயக்கத்தில் தள்ளும், கொன்றும்விடும். எம்டிஆர்1 மரபணுவின் குறியீட்டில் நான்கே எழுத்துகள் விடுபட்டதால், மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியேற்றும் புரதம் அவற்றிடம் வேலை செய்வதில்லை என்று 2001இல் தெரியவந்தது. இப்போது பரிசோதித்துவிட்டு வேறு மருந்து கொடுக்கலாம்.

நமக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் தரும் கார்பமசெபின், எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ள சிலருக்குத் தோலையே உரித்துவிடும், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைத் தரலாம். சீனர், மலாய்க்காரர்களிடம் இந்த வகை அதிகம். இந்தியர்களிடம் குறைவு, ஆனாலும் உண்டு. அதனால் 2013இலிருந்து சிங்கப்பூரில் ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன் பரிசோதிக்கிறார்கள். என் அத்தைக்கும் செய்தார்கள். "மாத்திரை சாப்பிட ரத்தம் எதுக்கு?" என்று சலித்துக்கொண்டார். எனக்கு இதுதான் மிக உருப்படியான மரபணுப் பரிசோதனை.

அப்புறம், சர்க்கரை நோய் வருமா என்று எச்சில் எடுத்துச் சொல்லும் பெட்டிகள். அந்த நோயில் நூற்றுக்கணக்கான மரபணுக்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பங்கு. வாய்ப்பு அதிகம் என்று வந்தாலும் டாக்டர் சொல்லப்போவது நடங்கள், சோற்றைக் குறையுங்கள் என்பதுதான். பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள், செலவும் குறைவு.