கயிற்றில் வரும் நாயும் எதிரே வரும் மனிதரும்

வாசகர் கேள்வி – கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயது ஆண் சிப்பிப்பாறை நாய் வளர்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் காலையில் கயிற்றில் பிடித்து மைதானத்துப் பக்கம் கூட்டிச் சென்றால், முன்பின் தெரியாதவர் எதிரே வரும்போதெல்லாம் எம்பி எம்பிக் குரைக்கிறது. ஹெல்மெட் அணிந்தவரைக் கண்டுவிட்டால் என்னால் பிடித்து நிறுத்தவே முடியவில்லை. ஒரே நாய்க்கு இரண்டு குணம் எப்படி வரும்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: குணம் ஒன்றுதான் அம்மா, அது நிற்கும் நிலைதான் வேறு. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. வீட்டில் விருந்தாளியை முகர்ந்து பார்த்தபின் அது திண்ணைக்குப் போய்விடுகிறது. அப்படி விலகிப் போக முடிவதால்தான் அமைதியாக இருக்கிறது. அச்சமோ ஐயமோ கொண்ட நாய் விலகிப் போகலாம், அசையாமல் உறைந்து நிற்கலாம், அல்லது எதிர்த்து நிற்கலாம். கழுத்தில் கயிறு விழுந்தவுடன் முதல் வழி அடைபட்டுவிடுகிறது. எதிரே வருபவரோ நேராக, கண்ணைப் பார்த்தபடி, நெருங்கிக்கொண்டே இருக்கிறார். நாய்களின் வழக்கத்தில் அது மரியாதையான வருகை அன்று. நட்புள்ள இரண்டு நாய்கள் சந்திப்பதைக் கவனித்தால், அவை நேருக்கு நேர் வராமல் சற்று வளைந்து வந்து பக்கவாட்டில் முகர்வதைக் காணலாம்.

குரைத்துப் பார்க்கிறது, எதிரே வந்தவர் கடந்து போய்விடுகிறார். அவர் தம் வழியில்தான் போனார் என்பது நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. தான் குரைத்ததால்தான் அவர் போனார் என்று அது கற்றுக்கொள்கிறது. நாள்தோறும் காலையில் இந்தப் பாடம் நடப்பதால் பழக்கம் இறுகிப்போகிறது. இதில் நம் கையும் சேர்ந்துகொள்கிறது. ஆள் வருவதைக் கண்டதும் நாம் கயிற்றைச் சுருட்டி இழுக்கிறோம். அந்நியர் கண்ணில் பட்ட அதே நொடியில் பட்டை குரல்வளையை அழுத்துகிறது. கூடவே ஓர் அதட்டலும் விழுகிறது. அந்நியர் வந்தால் கழுத்து வலிக்கும், எஜமானியும் கோபிப்பார் என்று நாய் முடிவுகட்டினால் அதைக் குறைசொல்ல முடியாது.

இனத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்துத் திறந்த கரிசல் வெளியில் முயல் விரட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. தொலைவில் அசைவதைச் சட்டென்று காணும் கண்ணும், கண்டவுடன் பாயும் காலும் அவற்றுக்குப் பிறப்பிலேயே வந்தவை. வீட்டில் ஓரிருவரோடு நெருங்கிப் பழகி, மற்றவர்களிடம் ஒதுங்கி நிற்பதும் அவற்றின் இயல்பு. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ஒன்றில் இடம்பெற்ற ராஜபாளையத்துக்கும் அந்நியர் மீதான ஐயம் உண்டு. காவலுக்கு வளர்த்த இனம் அது. அடுத்த வீட்டு லாப்ரடார் எல்லோரிடமும் வாலாட்டுகிறதே என்று உங்கள் நாயை அதனோடு ஒப்பிட வேண்டாம். கண்டவர் எல்லாம் தடவிக்கொடுக்க இடம் தருவதை நான் நல்ல நடத்தைக்கு அளவாகக் கொள்வதில்லை. அந்நியர் வந்தால் ஒருமுறை பார்த்துவிட்டு, உங்களைத் திரும்பிப் பார்த்து, கயிறு தொய்வாக இருக்கக் கடந்து போகும் நாயே நன்றாக நடந்துகொள்ளும் நாய்.

அதற்கு முதல் மருந்து தொலைவு. ஆளைக் கண்டும் குரைக்காமல், உங்கள் கையிலிருந்து தீனி வாங்கித் தின்னும் அளவுக்கு உங்கள் நாய்க்கு எவ்வளவு இடைவெளி தேவை என்று கண்டுபிடியுங்கள். மைதானத்தின் கோடியில் முப்பது நாற்பது அடிகள் தள்ளி நிற்க வேண்டியிருந்தாலும் சரிதான். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியை நக அளவுத் துணுக்குகளாக எடுத்துச் செல்லுங்கள். ஆள் தெரிந்தவுடன் ஒரு துண்டு, தெரியும்வரை ஒவ்வொன்றாக, அவர் மறைந்ததும் தீனியும் நிற்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. தீனியை முதலில் காட்டிவிட்டுப் பிறகு ஆளைக் காட்டினால், தீனியே ஆபத்தின் அறிகுறியாகிவிடும். தீனியை முகர்ந்தும் பார்க்காமல் ஆளையே வெறித்துக்கொண்டிருந்தால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பேசாமல் திரும்பி நடந்துவிடுங்கள். வாரங்கள் செல்லச் செல்ல இடைவெளி தானாகக் குறையும். சில நாய்களுக்கு மாதங்களும் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள்.

அந்நியர் கையால் தீனி கொடுக்கச் சொல்வது நம்மூரில் பலர் செய்யும் காரியம். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அஞ்சும் நாய்க்கு அது பொறியாகிவிடுகிறது. ஆசை அதைக் கைவரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். வாயிலிருந்தது தீர்ந்ததும், முன்பின் அறியாத ஒருவரின் முழங்காலுக்கு அருகில் நிற்பதை அது அப்போதுதான் உணரும். பல கடிகள் அந்த இடத்தில்தான் நேர்கின்றன. தீனி எப்போதும் உங்கள் கையிலிருந்தே வரட்டும்.

ஹெல்மெட்டைப் பொறுத்தவரை, முகம் மறைவதுதான் நாயைக் கலக்குகிறது. வீட்டில் உங்கள் மகனோ தம்பியோ நாயின் கண்ணெதிரே அதைக் கையில் எடுத்து, தலையில் வைத்து, கழற்றி, மீண்டும் போட்டுக் காட்டட்டும். ஒவ்வொரு முறையும் நீங்கள் தீனி கொடுங்கள். குடை, தலைச்சுமை, மண்வெட்டியைத் தோளில் சாய்த்து வரும் ஆள் ஆகியவற்றுக்கும் இதே முறைதான். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளைப் போன்று ஒதுங்க இடமில்லாத தெருக்களுக்கு இப்போதைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். ஆனித் தேரோட்டக் கூட்டத்துக்கு எந்த நாயையும் எப்போதும் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு ஆறு வயது. அப்பா தினமும் அதைக் கயிற்றில் பிடித்துத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் செல்வார். கடைக்கு வரும் எல்லோரும் தடவிக் கொடுப்பார்கள், அசையாமல் நிற்கும். சென்ற மாதம் ஒரு சிறுவன் கட்டிப்பிடித்தபோது உறுமிவிட்டது. அப்பா அடித்துவிட்டார். அடித்தது சரியா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சரியல்ல. உறுமல் என்பது நாய் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அச்சம் போகாது, எச்சரிக்கை மட்டுமே போகும். அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடக்கூடும். உங்கள் தந்தையிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நாயின் மீது அன்பு இருப்பதால்தானே அவர் தினமும் கூடவே அழைத்துப் போகிறார்.

அசையாமல் நின்றதை அது விரும்பி நின்றதாகக் கொள்ள வேண்டாம். நாளைக் காலையில் கடை வாசலில் யாராவது குனிந்து அதன் தலையில் கை வைக்கும்போது அருகிலிருந்து பாருங்கள். அதுவரை நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடிக்கொள்ளும். காதுகள் பின்னால் ஒட்டும். மூக்கை ஒருமுறை நக்கும். தூக்கமே இல்லாதபோது கொட்டாவி விடும். முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் ஆள் பக்கம் ஓட்டும்போது வெள்ளைவிழி பிறைபோலத் தெரியும். உடம்பின் பாரம் பின்னங்கால்களுக்குப் போயிருக்கும். இவையெல்லாம் வேண்டாம் என்று சொல்லும் அடையாளங்கள். ஆறு ஆண்டுகளாக அது இதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம்.

தடவுபவர் மூன்று விநாடிகளில் கையை எடுத்துவிட வேண்டும். நாய் தானே நெருங்கி வந்து சாய்ந்தால் தொடரலாம்; நின்ற இடத்திலேயே நின்றாலோ உடம்பை உதறிக்கொண்டு விலகினாலோ விட்டுவிட வேண்டும். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகாமல் தாடைக்குக் கீழோ மார்பிலோ தடவுவது நல்லது. சிறுவர்கள் கட்டிப்பிடிக்க இடம் கொடுக்கவே கூடாது. அவர்கள் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். இத்தனை காலம் பொறுத்த நாய் திடீரென்று உறுமினால் உடம்பில் வலி இருக்க வாய்ப்பு உண்டு. காதுப் புண், சொத்தைப் பல், இடுப்பு மூட்டு, உண்ணிக் காய்ச்சல் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். தேவைப்பட்டால் அவர்களே திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள்.

கேள்வி: எங்கள் கன்னி நாய் யாரையாவது கண்டு மிரண்டால் பின்னோக்கி நகர்ந்து கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடுகிறது. இறுக்கிக் கட்டினால் இருமுகிறது.
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: இவ்வகை வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம்; கழுத்தின் சுற்றளவும் தலையின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சாதாரண பட்டை நிற்காது. இழுக்கும்போது ஓரளவு மட்டும் சுருங்கும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டை கிடைக்கிறது. அல்லது மார்போடு விலாவுக்குப் பின்னாலும் ஒரு வார் சுற்றிவரும் ஹார்னஸ் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டைக்குள் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். சுருக்குச் சங்கிலியும், பொத்தானை அழுத்தினால் நீளும் கயிறும் இந்த நாய்க்கு வேண்டாம். ஐந்தாறு அடி நீளமுள்ள பருத்தி அல்லது நைலான் கயிறே போதும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். தாமிரபரணிக் கரைப்பக்கம் காலை நடைக்குச் செல்கிறேன். நாய் கொண்டுவருபவர்கள், “பயப்படாதிய, ஒண்ணுஞ் செய்யாது” என்று சொல்லிக்கொண்டே நாயை என்மீது முகரவிடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: ஐயா, உங்கள் அச்சத்துக்கு நீங்கள் விளக்கம் தர வேண்டியதில்லை. கயிற்றைப் பிடித்திருப்பவர்தான் கயிற்றைக் குட்டையாக்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் தாம் வந்து நின்று, வழிவிட வேண்டும். “நாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்” என்று தயங்காமல் சொல்லுங்கள். மனித உயிருக்கு ஆபத்தோ கடுங்காயமோ நேராதபடி தம் விலங்கைக் காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்நியரைத் தாங்காத நாயை வைத்திருப்பவர்கள் மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள வாய்க்கூடை போட்டு அழைத்து வரலாம். அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை.

நாய் அருகில் வந்துவிட்டால் ஓடாதீர்கள், கையை உயர்த்தாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, கைகளைத் தொங்கவிட்டு, பார்வையைத் தரையில் வைத்து நில்லுங்கள். பெரும்பாலான நாய்கள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். எப்போதாவது பல் பட்டுவிட்டால், சிறு கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி எதையும் அப்பக்கூடாது. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்று உரிமையாளர் சொன்னாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள். அங்கே தோலுக்குள் போடும் வெறிநோய்த் தடுப்பூசியை முதல் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் போடுவார்கள். இரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். அதையும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.