மொழி கொடுக்க வக்கீல் எதற்கு?

கேள்வி: வயது 63. கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். கடை முன்னால் லாரியும் பைக்கும் மோதிக்கொண்டன. ஸ்டேஷனிலிருந்து போனில் 'மொழி கொடுக்க வரணும்' என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், 'வாதத்துக்கு வக்கீல் வேணும், 5,000 ரூபாய் கொடுங்க, நான் பார்த்துக்கிறேன்' என்கிறார். மொழியும் வாதமும் ஒன்றா?

பதில்: ஒன்றில்லை. மலையாளத்தில் 'மொழி' என்பது நம்முடைய வாக்குமூலம். கண்டதையும் கேட்டதையும் சொல்வது, அவ்வளவுதான். அதை வைத்து 'தப்பு இன்னார் மேல்' என்று கோர்ட்டில் வக்கீல் பேசுவது வாதம். சாட்சிக்கு அந்த வேலை கிடையாது.

'டிரைவர் அஜாக்கிரதையாக ஓட்டினான்' என்றால் அது வாதம். 'சத்தம் கேட்டுத் திரும்பினேன், பைக் லாரிக்கு அடியில் கிடந்தது' என்றால் மொழி. சத்தம் கேட்ட பிறகு திரும்பியவர், மோதியதையே பார்த்ததாகச் சொல்லிவைத்தால், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியிலேயே மடக்கிவிடுவார்கள். எழுதுவது மலையாளத்தில் என்பதால் முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்து வேண்டாம், போலீசிடம் சொன்னதில் சாட்சி கையெழுத்து வாங்கக் கூடாது என்பதே சட்டம்.

அந்த 5,000 ரூபாய்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டேஷன் வாசலிலும் டீக்கடையிலும் இப்படி ஆட்கள் உண்டு. மொழி என்ற சொல்லே நம் ஆட்களுக்குக் குழப்பம், அதில்தான் அவர்கள் பிழைப்பு. சிலர் 'இப்படிச் சொல்லுங்க' என்று பாடமும் சொல்லித் தருவார்கள். யார் பக்கம் காசு வாங்கினார்களோ தெரியாது, நாளைக்குக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்தான். ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179வது பிரிவுப்படி, 60 வயது தாண்டிய ஆண் ஒருவரைச் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். பழைய சட்டத்தில் இது 65. 'உங்களுக்கு 65 ஆகலையே' என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு, ஆதாரைக் காட்டுங்கள். நீங்களாக விரும்பினால் போகலாம், தடையில்லை. அழைப்பும் எழுத்தில் வர வேண்டும். ஆனால் போனிலேயே மிரட்டிக் கூப்பிடும் பழக்கம் போகிறதா என்ன! உங்கள் கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகா தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி. உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று 1969இலேயே கேரளத்தில் சட்டம் போட்டாயிற்று. ஆகவே ஒரு தாளில் தமிழிலேயே வயதையும் முகவரியையும் எழுதி, 'வீட்டில் வந்து மொழி எடுத்துக்கொள்ளவும்' என்று ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, நகலில் சீல் வாங்கி வையுங்கள்.