சுண்ணாம்புக்கல் குன்றுகளில் எங்கே நடப்பது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் பற்றி நீங்கள் முன்பு எழுதிய குறிப்பைப் படித்தேன். என் மகள் ஷெஃபீல்டில் வேலை பார்க்கிறாள். மே மாதம் அவளிடம் போய் இரண்டு மாதம் இருக்கப்போகிறேன். வயது 61. தினமும் நடப்பவன்தான், ஆனால் இறக்கம் என்றால் வலது முழங்கால் வலிக்கும். காஸில்டனில் தொடங்கி ரோஸ்டர் வரை போகும் லைம்ஸ்டோன் வே என்ற 74 கி.மீ. பாதையை ஐந்து நாளில் முடிக்கலாம் என்று ஆசை. மருமகனோ, "அங்கே மலையே கிடையாது மாமா, எல்லாம் 400 மீட்டர் மேடுதான், லேக் டிஸ்ட்ரிக்ட் போகலாம்" என்கிறார். பாதை வழியெல்லாம் அடுத்தவர் வயலுக்குள் போகிறதாமே? யாராவது தடுத்தால் என்ன செய்வது? தனியாகப் போகலாமா?

கே.

அன்புள்ள கே.,

மருமகன் சொல்லும் உயரக் கணக்கு சரிதான். உச்சியில் நின்று படம் எடுக்க வேண்டும் என்றால் லேக் டிஸ்ட்ரிக்டுக்கே போங்கள். ஆனால் பீக் டிஸ்ட்ரிக்டின் தெற்குப் பாதியான ஒயிட் பீக்கை உயரத்தால் அளப்பதில் பயனில்லை. அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் கீழே இருக்கிறது. மேலே புல்வெளி, கல் சுவர், செம்மறி ஆடு, மறுபடி புல்வெளி. அதை அறுத்துக்கொண்டு திடீரென்று இறங்கும் பள்ளத்தாக்குகளில்தான் காடும் பாறையும் ஆறும் பூக்களும்.

ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டு போனால் நடை வேறு மாதிரி ஆகிவிடும். 33 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் வெப்பமண்டலத்தில் ஆழமில்லாத கடலாக இருந்தது. கடல் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியதுதான் அந்தச் சுண்ணாம்புக்கல். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு மழைநீரில் கலக்கும்போது அது லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லின் வெடிப்புகளில் இறங்கி மெல்லக் கரைக்கிறது. ஆகவே மேட்டில் பெய்யும் மழை மேட்டில் நிற்பதில்லை, சல்லடையில் ஊற்றியது போல இறங்கிவிடும். பல பள்ளத்தாக்குகளில் இன்று ஒரு சொட்டு நீர் ஓடாது. பனியுகத்தில் நிலம் உறைந்து வெடிப்புகள் அடைபட்டிருந்த காலத்தில், உள்ளே இறங்க வழியில்லாத நீர் மேலேயே ஓடி அறுத்த வழிகள் அவை.

எனவே நான் உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: வரைபடத்தில் பாதையின் பெயரைப் பார்த்து நடக்காதீர்கள், தண்ணீரைப் பார்த்து நடங்கள். ஓர் ஆறு எங்கே மறைகிறது, எங்கே வெளியே வருகிறது, ஓர் ஊருக்குக் குடிநீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் அங்குள்ள காடும் கிராமமும் தாமாகவே புரியும்.

லைம்ஸ்டோன் வேயை முழுதாக முடிக்கும் திட்டத்தைக் கைவிடச் சொல்வேன். அதன் பெரும்பகுதி மேட்டுச் சமவெளியில் பண்ணை வண்டிப்பாதை வழியாகப் போகிறது. நல்ல பள்ளத்தாக்குகள் பலவற்றைக் குறுக்கே கடந்துவிட்டு மறுபடி மேலே ஏறிவிடும். முடித்தோம் என்ற திருப்தி கிடைக்கும், ஆனால் அதற்காக ஐந்து நாள் முழங்காலைப் பணயம் வைக்க வேண்டாம்.

அதன் தொடக்கம் மட்டும் அருமை. ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் ரயிலில் ஏறினால் அரைமணி நேரத்தில் ஹோப் நிலையம். அங்கிருந்து காஸில்டன் நடக்கிற தூரம்தான். ஊருக்குப் பின்னால் பீக் கேவர்ன் என்ற குகை வாய் திறந்து நிற்கும். அதன் வாசலிலேயே பல தலைமுறைகள் கயிறு திரித்துப் பிழைத்தன. மேற்கே களிப்பாறைச் சரிவில் ஓடிவரும் சிற்றோடைகள் சுண்ணாம்புக்கல்லைத் தொட்ட இடத்தில் நிலத்துக்குள் விழுந்து, குகைகள் வழியே வந்து, இந்த ஊரில் ஊற்றாக வெளிப்படுகின்றன. ஊர் இங்கே அமைந்ததற்கு அதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. குன்றின் மேல் நிற்கும் பெவரில் கோட்டையின் சதுரக் கோபுரம் 1176-இல் இரண்டாம் ஹென்றி கட்டியது.

கோட்டைக்கு அடியில் கேவ் டேல் என்ற குறுகிய வறண்ட பள்ளத்தாக்கு இருக்கிறது. அதில் ஏறுங்கள், இறங்காதீர்கள். காலங்காலமாகப் பல்லாயிரம் பேரின் செருப்பு தேய்த்த கல் அது. வெயிலிலேயே பளபளக்கும், ஈரமானால் சோப்புதான். மேலே போய் மேற்கே சுற்றி, மாம் டோர் குன்றின் அடியில் கிடக்கும் பழைய நெடுஞ்சாலை வழியாகத் திரும்பி வாருங்கள். நிலம் ஓயாமல் சரிந்ததால் 1979-இல் கைவிடப்பட்ட சாலை. தார்ப்படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உடைந்து தொங்குகின்றன. ஆனாலும் அகலமான, மெதுவான இறக்கம், முழங்காலுக்குத் தோது. ஒரு பொறியாளர் குழு இயற்கையிடம் தோற்றதை இவ்வளவு நெருக்கமாக, கட்டணமில்லாமல் காட்டும் இடம் வேறு எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மான்யாஷ் கிராமத்திலிருந்து லாத்கில் டேல் வழியாக ஓவர் ஹாடன் வரை போங்கள். மான்யாஷ் தண்ணீர் நிற்காத மேட்டில் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் மட்டும் ஒரு களிமண் படுகை அகப்பட்டுக்கொண்டது. அதில் குளங்கள் நின்றன, குளத்தைச் சுற்றி ஊர் வந்தது. அவற்றில் ஃபியர் மியர் என்ற ஒன்று இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பள்ளத்தாக்கின் முதல் பகுதியில் பாறைச் சிதறல், நிதானமாகப் போக வேண்டும். அப்புறம் வலப்பக்கம் ஒரு குகை. மழைக்காலத்தில் ஆறு அந்தக் குகை வாயிலிருந்துதான் புறப்படுகிறது, கோடையில் அங்கே வெறும் கற்கள். நீங்கள் மே தொடக்கத்தில் போனால் ஓடும் ஆற்றையும் ஜூன் கடைசியில் போனால் காய்ந்த படுகையையும் பார்க்க வாய்ப்புண்டு. முடிந்தால் இரண்டு முறையும் போங்கள். ஜூனில் ஜேக்கப்ஸ் லேடர் என்ற நீலப்பூ பூத்திருக்கும், பிரிட்டனில் அது இயற்கையாக வளரும் இடங்கள் கொஞ்சம்தான்.

ஆறு வற்றுவதற்குக் கல் மட்டும் காரணமல்ல. அந்தப் பகுதி முழுக்க ஈயச் சுரங்கம். சுரங்கத்தில் ஊறும் நீரை வடிக்க மலைக்கு அடியில் கால்வாய்களை வெட்டினார்கள். அவை நிலத்தடி நீரைக் கீழே இழுத்துவிட்டன. சுரங்கம் மூடி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் ஆறு அந்தக் கால்வாய்கள் வழியே கசிந்துகொண்டிருக்கிறது. காட்டுக்குள் இடிந்த வீடு ஒன்று வரும். சுரங்க முகவர் ஒருவருடைய வீடு, சுரங்கத் துளைக்கு நேர் மேலேயே கட்டியது. ஏணியில் இறங்கிப் பார்க்கலாம், உங்கள் முழங்கால் அனுமதித்தால்.

காட்டைப் பற்றி ஒரு வருத்தமான செய்தி. மேய்க்கவும் உழவும் முடியாத செங்குத்துச் சரிவு என்பதால்தான் அங்கே மரங்கள் பிழைத்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆஷ் மரங்கள். இப்போது ஒரு பூஞ்சை நோய் அவற்றைக் கொத்துக்கொத்தாகக் கொன்றுவருகிறது. வெறும் கிளைகளையும் வெட்டிப்போட்ட மரங்களையும் பார்ப்பீர்கள். மரம் வெட்டும்போது பாதையை மூடியிருந்தால் வாக்குவாதம் செய்யாமல் சுற்றிப் போய்விடுங்கள்.

ஈம் கிராமத்தை விட்டுவிட முடியாது. 1665-இல் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு பிளேக் வந்தது என்பார்கள். மறு ஆண்டு, பாதிரியார் வில்லியம் மாம்பெஸ்ஸனும் பதவி இழந்திருந்த முந்தைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியும் கைகோர்த்து, ஊரைவிட்டு யாரும் வெளியேறக் கூடாது என்று மக்களை இணங்கவைத்தார்கள். 14 மாதத்தில் ஏறக்குறைய 260 பேர் இறந்தார்கள். எல்லைக் கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டுவைக்க, பக்கத்து ஊரார் உணவை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு தாய் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் புதைத்த இடம் ஊருக்கு வெளியே வயலில் இருக்கிறது. ஊரார் முழு மனதோடு செய்த தியாகம் என்றுதான் பலகைகள் சொல்கின்றன. மாம்பெஸ்ஸன் தன் பிள்ளைகளை மட்டும் முன்னதாகவே வெளியே அனுப்பிவிட்டார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். தெருவோரக் கல் தொட்டிகளையும் கவனியுங்கள். மேலேயுள்ள மணற்கல் விளிம்பின் ஊற்றுகளிலிருந்து 1588-இலேயே அந்த ஊருக்குப் பொதுக் குடிநீர் வந்தது.

முழங்கால் ஓய்வு கேட்கும் நாட்களுக்குப் பழைய ரயில் பாதைகள் இருக்கின்றன. தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சமதளமாக்கியிருக்கிறார்கள். மான்சல் டிரெயில் 13 கி.மீ. சொச்சம், சுரங்கவழிகளும் வை ஆற்றின் மேல் உயர்ந்த பாலமும் உண்டு. மகளிடம் கார் இருந்தால் மானிஃபோல்ட் பள்ளத்தாக்குக்கும் போங்கள். கோடையில் அந்த ஆறு வெட்டன் மில் பக்கம் நிலத்துக்குள் போய் ஐலம் பூங்காவில் திரும்ப வருகிறது. டவ்டேல் பள்ளத்தாக்கை ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தைத்தான் பார்க்க முடியும்.

இனி வயல் விஷயம். வரைபடத்தில் பச்சைக் கோடுகளால் குறித்த பாதை பொதுவழி. அது யாருடைய நிலத்தில் போனாலும் அதில் நடப்பது உங்கள் சட்ட உரிமை, அனுமதி கேட்க வேண்டியதில்லை. அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடங்களில் ஓஎல்24 என்பதை வாங்கிக்கொள்ளுங்கள். வேலியில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு, நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. பாதையைவிட்டு விலகி வயலில் திரிவது வேறு விஷயம், அதற்கு உரிமை இல்லை. இந்த வட்டாரத்தின் வடக்குப் பாதியில் மேட்டு நிலத்தில் நடக்கும் உரிமை கேட்டு 1932-இல் அத்துமீறி நுழைந்து சிறைக்குப் போனவர்கள் உண்டு. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது, 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக இதே இடம் அறிவிக்கப்பட்டது. ஆகவே தயங்காமல் நடங்கள், கதவைத் திறந்தால் மூடுங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள். விவசாயியைவிட அதுதான் ஆபத்து.

உங்களை உண்மையில் சோதிக்கப்போவது சுவர்களைக் கடக்கும் இடங்கள்தான். சில இடங்களில் கல் படிகளில் ஏறி இறங்க வேண்டும், சில இடங்களில் இரண்டு கற்களுக்கு நடுவே ஆடு புகாத இடுக்கில் உடம்பைத் திணித்துக்கொண்டு போக வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கும்போது அந்தக் கல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், வட்டவட்டமாகத் தெரிவது கடல் அல்லி என்ற பழங்காலக் கடல் உயிரின் தண்டு.

தனியாகப் போகலாம். பள்ளத்தாக்குகளில் அலைபேசி எடுக்காது. எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஊன்றுகோல் இரண்டு வேண்டும், இறக்கத்தில் ஒன்று போதாது. கிராமங்களுக்குப் பேருந்து குறைவு, கடைசி வண்டி நேரத்தை முதலில் பார்த்துவிட்டு நடையைத் திட்டமிடுங்கள்.

மேயில் போகிறீர்கள் என்பதால் இன்னொன்று. ஈஸ்டருக்குப் பிந்தைய, இயேசு விண்ணேறியதைக் கொண்டாடும் அசென்ஷன் வியாழனை ஒட்டி டிஸ்ஸிங்டன் கிராமத்தில் கிணறுகளுக்கு அலங்காரம் செய்வார்கள். மரப்பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, பூவிதழ், விதை, பாசி எல்லாம் பதித்துச் சித்திரமாக்கிக் கிணற்றருகே நிறுத்துவார்கள். சுற்றிலும் எல்லாம் வறண்டபோதும் இந்தக் கிணறுகள் வற்றவில்லை என்பதற்கான நன்றி என்று ஒரு கதை, பிளேக்குக்குத் தப்பியதற்கான நன்றி என்று இன்னொரு கதை. ஒரு வாரம் போல இருக்கும். ஆஷ்போர்னிலிருந்து பழைய ரயில் பாதையிலேயே நடந்து போகலாம், ஏற்ற இறக்கம் அதிகம் கிடையாது. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு மற்ற நாட்களை முடிவு செய்யுங்கள். மருமகனையும் அழைத்துப் போங்கள்.